மருந்து அடிக்கும் முன் படம் எடுங்கள்!
பூச்சியை இனங்காண லென்ஸ் தேர்வும், படம் பிடிக்கும் முறையும்

பயிரில் பூச்சி கண்டவுடன் செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பி, "ஐயா, இதற்கு என்ன மருந்து?" என்று கேட்கும் வழக்கம் இன்று எல்லாக் கிராமங்களிலும் வந்துவிட்டது. இது நல்ல வழக்கமே. ஆனால் வரும் படங்களில் பெரும்பாலானவற்றில் பூச்சி தெரிவதில்லை. செடி தெரிகிறது, வரப்பு தெரிகிறது, விரல் தெரிகிறது. பூச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலான புள்ளி மட்டுமே இருக்கிறது. அந்தப் புள்ளியைப் பார்த்துச் சொல்லும் பரிந்துரை, நாடி பார்க்காமல் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைப் போன்றது.

அப்படியொரு தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஆலத்தியூரைச் சேர்ந்த ஒரு பருத்தி விவசாயி, 90 நாள் பயிரிலிருந்து ஓர் இலையின் படத்தை அனுப்பியிருந்தார். இலை வெளிறி, ஓரம் சிவந்து இருந்தது. அடிப்புறத்தில் சிறு சிறு புள்ளிகள். இலைப்பேன் என்று எண்ணி அதற்குரிய மருந்தைச் சொன்னேன். அவரும் அடித்தார். 10 நாள் கழித்து மீண்டும் கூப்பிட்டார். "ஐயா, நீங்க சொன்ன மருந்தத்தான் அடிச்சேன். இலை இன்னும் சிவந்துக்கிட்டேதான் போகுது" என்றார். நேரில் போய் இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. நூலாம்படை போன்ற மெல்லிய இழை, அதற்குள் எட்டுக் கால்களோடு ஊர்ந்துகொண்டிருந்த செஞ்சிலந்திப் பேன். இலைப்பேனுக்கு அடித்த மருந்து சிலந்திப் பேனைக் கொல்லவில்லை. அதைத் தின்று கட்டுப்படுத்தி வந்த பொறிவண்டுகளைத்தான் கொன்றிருந்தது. அவர் செலவழித்த பணத்துக்கு நோய் கூடியதுதான் மிச்சம். தவறு அவருடையது அல்ல. தெளிவற்ற படத்தைப் பார்த்து விடை சொன்ன என்னுடையது.

ஒரு தெளிவான படம் இருந்திருந்தால் அந்த ஒரு தெளிப்பு மிச்சமாகியிருக்கும். தெளிவான படம் எடுக்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. சில நூறு ரூபாய் பெறுமான ஒரு லென்சும், கையில் இருக்கும் செல்போனும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஒரு தெளிப்பு குறைந்தால் என்ன லாபம்?

பணம் மட்டும் அல்ல. 2017-ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சி மருந்து தெளித்த விவசாயிகள் சிலர் நஞ்சு தாக்கி உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. அதே ஆண்டில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இவ்வாறே இறந்தனர். ஆள் உயரம் வளர்ந்து அடர்ந்து நின்ற பருத்திக்குள், முகத்துக்கு நேராக, முகமூடியும் கையுறையும் இன்றித் தெளிக்கும்போது மருந்து மூச்சிலும் தோலிலும் இறங்குகிறது. தேவையில்லாத ஒவ்வொரு தெளிப்பும் தேவையில்லாத ஓர் ஆபத்து. பூச்சி எது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே டேங்கைத் தோளில் மாட்ட வேண்டும்.

என்ன லென்ஸ் வாங்கலாம்?

கடையில் 5 மடங்கு, 10 மடங்கு, 20 மடங்கு, 30 மடங்கு என்று எழுதிய லென்சுகள் கிடைக்கும். எண் பெரிதாக இருந்தால் நல்ல லென்ஸ் என்று நினைப்பது தவறு. மடங்கு கூடக் கூட மூன்று தொல்லைகள் கூடும். முதலாவது, பூச்சிக்கு மிக அருகில் போக வேண்டும். 10 மடங்கு லென்சுக்கு இடைவெளி சுமார் 2.5 செ.மீ. 20 மடங்குக்கு அதில் பாதிதான். அவ்வளவு கிட்டே போனால் வெள்ளை ஈயும் தத்துப்பூச்சியும் பறந்துவிடும். இரண்டாவது, லென்சின் நிழலே பூச்சியின் மேல் விழுந்து இருட்டாக்கும். மூன்றாவது, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். புழுவின் முதுகு தெளிந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் முதுகு மங்கும். கையின் சிறு நடுக்கமும் படத்தில் பெரிதாகத் தெரியும்.

எனவே சிறு விவசாயிக்கு ஏற்றவை இரண்டு.

1. மடக்கிச் சட்டைப்பையில் வைக்கக்கூடிய 10 மடங்கு கை லென்ஸ். நகைக் கடைகளில் கல் பார்க்கப் பயன்படுத்துவது இதைத்தான். இது கண்ணால் பார்ப்பதற்கு.

2. செல்போனில் கவ்வி போல மாட்டும் 'மேக்ரோ' லென்ஸ். இதுவும் 10 மடங்கு அளவே போதும். கண்ணாடி வில்லையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வில்லை சீக்கிரம் கீறல் விழும். கவ்வியின் வாய் உறுதியாகவும், உள்பக்கம் ரப்பர் வைத்தும் இருக்க வேண்டும்.

இரண்டும் வாங்க வசதி இல்லையென்றால் கை லென்ஸ் ஒன்றை மட்டும் வாங்குங்கள். அதையே செல்போன் கேமராவின் மேல் இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பிடித்துப் படம் எடுக்கலாம். முதல் சில நாள் கை பழகாது. பிறகு பழகிவிடும்.

இப்போது வரும் சில செல்போன்களில் 'மேக்ரோ' கேமரா தனியாகவே இருக்கிறது. விலை குறைந்த போன்களில் இது பெரும்பாலும் 2 மெகாபிக்சல் மட்டுமே. அதைவிட, போனின் பிரதான கேமராவின் மேல் லென்ஸ் மாட்டி எடுக்கும் படம் தெளிவாக வரும். இரண்டிலும் ஒரே இலையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள்

30 மடங்கு என்று எழுதியிருக்கும் லென்ஸ் உண்மையில் 5 மடங்காகவும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஜன்னல் அல்லது வாசலுக்கு எதிர்ச்சுவர்ப் பக்கம் நின்று, ஒரு வெள்ளைத் தாளின் முன் லென்சைப் பிடியுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் ஜன்னலின் உருவம் தலைகீழாக, தெளிவாகத் தாளில் விழும். அப்போது லென்சுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, 25-ஐ அந்தத் தூரத்தால் வகுங்கள். தூரம் 2.5 செ.மீ. என்றால் அது 10 மடங்கு. 5 செ.மீ. என்றால் 5 மடங்குதான், மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி.

அடுத்து, லென்ஸ் வழியாக ஸ்கேலின் மில்லி மீட்டர்க் கோடுகளைப் பாருங்கள். நடுவில் கோடுகள் நேராகவும் கூர்மையாகவும் தெரிய வேண்டும். ஓரத்தில் சற்று வளைவது இயல்பு. ஆனால் நடுவிலேயே வளைந்தாலும், கோட்டைச் சுற்றி நீலமும் சிவப்புமாகச் சாயம் படிந்தாற்போல் தெரிந்தாலும் வாங்க வேண்டாம்.

லென்சைக் கொண்டு சூரியனைப் பார்க்கக்கூடாது. வெயிலில் திறந்து வைத்துவிட்டும் வரக்கூடாது. காய்ந்த சருகில் தீப்பிடிக்கும்.

படம் எடுக்கும் முறை

நேரம்: காலை 7 மணி முதல் 9 மணி வரை ஏற்றது. பனி உலர்ந்திருக்கும், காற்று குறைவு, குளிர்ச்சியில் பூச்சிகளும் மந்தமாக இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கருத்தும் போகும். வெயில் நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்றால் வெள்ளைத் துண்டு ஒன்றை மேலே பிடித்து வெளிச்சத்தை மென்மையாக்குங்கள். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அது ஒளியைத் திருப்பித் தரும்.

இலையை அசையாமல் வைத்தல்: காற்றில் ஆடும் இலையை எந்த லென்சாலும் பிடிக்க முடியாது. இலையைக் காம்போடு மெதுவாகக் கிள்ளி, அடிப்புறம் மேலே வரும்படி ஓர் அட்டையில் வைத்து, நிழலில் எடுங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடியில்தான் இருக்கும். வெளிர்நிறப் பூச்சிக்குக் கறுப்பு அட்டையும், கருநிறப் பூச்சிக்கு வெள்ளை அட்டையும் பொருந்தும்.

தூரம்: லென்ஸ் மாட்டிய பிறகு போன் தானாகக் குவியம் தேடித் தடுமாறும். அதற்காகத் திரையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். பூச்சிக்கு மேல் சுமார் 2.5 செ.மீ. உயரத்தில் போனைக் கொண்டு வந்து, கையையே மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். பூச்சி பளிச்சென்று தெளியும் இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு எடுங்கள். போன் பிடிக்கும் கையின் சுண்டுவிரலை அட்டையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதியாகக் குறையும்.

எண்ணிக்கை: ஒரு பூச்சிக்குக் குறைந்தது 10 படமாவது எடுங்கள். அவற்றில் 2 நன்றாக வந்தால் போதும். மற்றவற்றை அழித்துவிடலாம். இதைத் தொழிலாகச் செய்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பெரிதாக்குதல்: படம் எடுக்கும்போது திரையில் விரல்களால் விரித்து மிகவும் பெரிதாக்க வேண்டாம். அதனால் புதிய நுணுக்கம் எதுவும் சேராது, உள்ளது மங்கும். எடுத்த பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

அளவு: ஒரு படத்திலாவது பூச்சிக்குப் பக்கத்தில் ஸ்கேலை வையுங்கள். 1 மி.மீ. பூச்சியா, 1 செ.மீ. பூச்சியா என்பது படத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

எந்தப் பூச்சியில் எதைப் படம் பிடிக்க வேண்டும்?

இதுதான் முக்கியமான பகுதி. அழகான படம் நமக்கு வேண்டியதில்லை, அடையாளம் தெரியும் படமே வேண்டும். ஒவ்வொரு பூச்சிக்கும் அதைக் காட்டிக்கொடுக்கும் ஓர் உறுப்பு உண்டு.

மக்காச்சோளப் படைப்புழு: அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு இந்தியாவில் முதன்முதலாக 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் பரவி, மக்காச்சோளத்தையே நம்பியிருந்த பெரம்பலூர், அரியலூர் மானாவாரி விவசாயிகளைக் கலங்கடித்தது. இதை இனங்காண இரண்டு படங்கள் போதும். தலையை முன்புறமிருந்து ஒரு படம்: அதில் ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போன்ற வெளிர் கோடு தெரியும். வால் பக்கத்தை மேலிருந்து இன்னொரு படம்: நுனிக்குச் சற்று முன்னே, சதுரத்தின் நான்கு மூலைகள் போல நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். 'ஒய்' கோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மங்கலான அத்தகைய கோடு வேறு சில புழுக்களிலும் இருக்கும். சதுரப் புள்ளிகளும் சேர்ந்திருந்தால்தான் படைப்புழு. மிகச் சிறிய புழுவில் இவை தெளிவாகத் தெரியாது. குருத்தை விரித்துச் சற்றே வளர்ந்த புழுவைத் தேடுங்கள். இதற்குப் போனும் லென்சும் தாராளமாகப் போதும்.

இலைப்பேனும் செஞ்சிலந்திப் பேனும்: இரண்டுக்கும் 'பேன்' என்ற பெயர் இருப்பதாலேயே குழப்பம் வருகிறது. இலைப்பேன் ஒரு பூச்சி. நீண்டு ஒடுங்கிய உடல், ஆறு கால்கள், சுமார் 1 மி.மீ. நீளம். இளம் பருவத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கும். வளர்ந்ததற்கு ஓரத்தில் மயிர் வைத்த குறுகிய இறக்கைகள் இருக்கும். இலை வெள்ளி பூசியது போல மினுங்கும். செஞ்சிலந்திப் பேனோ பூச்சி இனமே அல்ல, சிலந்தியின் உறவு. முட்டை வடிவ உடல், எட்டுக் கால்கள் (குஞ்சுப் பருவத்தில் மட்டும் ஆறு), அளவு அரை மி.மீ. பக்கத்திலேயே கண்ணாடி மணி போல உருண்டையான முட்டைகளும், மெல்லிய நூலாம்படையும் இருக்கும். இலையின் மேற்புறம் வெளிறிய புள்ளிகள் தோன்றிப் பிறகு சிவக்கும். புழுதி படியும் சாலையோர வயல்களிலும், மழையற்ற வெப்ப நாட்களிலும் இது பெருகும்.

அரை மி.மீ. உயிரின் கால்களை 10 மடங்கு லென்ஸ் வைத்த போன் படத்தில் எண்ணுவது கடினம். ஆகவே கால்களைக் கை லென்சால் கண்ணாலேயே பாருங்கள். நூலாம்படையையும் முட்டையையும் இலையின் இரு பக்கங்களையும் படம் எடுங்கள். இதில் தவறினால் விளைவு பெரிது. இலைப்பேனுக்கு அடிக்கும் பல மருந்துகள் சிலந்திப் பேனைக் கொல்லாது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்த வயல்களில் சிலந்திப் பேன் முன்னைவிடப் பெருகுவதும் உண்டு. இதற்கென உள்ள மருந்துகள் தனி.

தத்துப்பூச்சி: பச்சை நிறத்தில், ஆப்பு வடிவில், தொட்டால் பக்கவாட்டில் நண்டு போல நடக்கும். இதைப் படம் எடுப்பதைவிட இந்த நடையை ஒரு சிறு வீடியோவாக எடுத்து அனுப்பினால் உடனே சொல்லிவிடலாம். இலையின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகிச் சிவப்பதையும் ஒரு படம் எடுங்கள்.

அசுவினி: உடலின் பின்புறத்தில் இரண்டு சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அது தெரியும்படி பக்கவாட்டில் எடுங்கள். கூட்டத்துக்குள் உப்பிப் போய், காகிதம் போன்ற பழுப்பு நிறத்தில், அசையாமல் சில அசுவினிகள் இருந்தால் அவற்றையும் அவசியம் எடுங்கள். அவை ஒட்டுண்ணிக் குளவி உள்ளே முட்டையிட்ட அசுவினிகள். முதுகில் வட்டமான துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். இப்படிப்பட்டவை நிறைய இருந்தால், மருந்து அடிக்காமல் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

மாவுப்பூச்சி: படத்தின் அருமையை நமக்கு உணர்த்தியதே இந்தப் பூச்சிதான். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிச் சூறையாடியது. எவ்வளவு மருந்து அடித்தாலும் மெழுகுப் பூச்சுக்குள் அது தப்பித்துக்கொண்டது. 2010-ல் பெங்களூரில் உள்ள தேசியப் பணியகம் ஒன்றின் வாயிலாக, போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் கொண்டுவரப்பட்டுத் தமிழ்நாட்டிலும் விடப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி, கடுகளவுகூட இல்லாதது, அந்தப் பூச்சியை அடக்கிவிட்டது. பிறகு 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறோர் இனம் கேரளத்தில் கண்டறியப்பட்டுத் தமிழ்நாட்டின் மரவள்ளித் தோட்டங்களுக்கும் வந்தது. அதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவி வந்தது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. வெள்ளையாக மாவு போல் இருப்பவை எல்லாம் ஒரே பூச்சி அல்ல. ஒன்றை அடக்கும் குளவி மற்றொன்றைத் தொடாது. ஆகவே மெழுகு மூடியபடி ஒரு படமும், மயிர்த்தூரிகையால் மெழுகை மெல்ல நீக்கி உடல் நிறம் தெரியும்படி ஒரு படமும் எடுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள். மரவள்ளி மாவுப்பூச்சியின் உடல் இளஞ்சிவப்பு.

நண்பனைச் சுட்டுவிடாதீர்கள்

மாவுப்பூச்சிக் கூட்டத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக, உடலெங்கும் வெள்ளை நூல்கள் தொங்க, சுறுசுறுப்பாக நடக்கும் ஒன்றைக் கண்டால் அதைக் கொல்லாதீர்கள். அது 1898-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி வேடத்திலேயே இருந்துகொண்டு மாவுப்பூச்சியைத் தின்பது. "தாய் மாவுப்பூச்சி வந்துவிட்டது" என்று பயந்து இதற்கு மருந்து அடித்தவர்கள் பலர்.

இலையிலிருந்து தலைமயிர் போன்ற காம்பு நீண்டு, அதன் நுனியில் சிறு முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. நோயும் அல்ல, பூசணமும் அல்ல. அதிலிருந்து வரும் புழு அசுவினியை உறிஞ்சிக் கொல்லும். முதலை போன்ற உடலும் ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்ட புழு, சாதாரணப் பொறிவண்டின் குஞ்சு. கை லென்ஸ் இருந்தால் வயலில் எதிரி எத்தனை, நண்பன் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். மருந்து தேவையா என்பதே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எப்படி அனுப்ப வேண்டும்?

ஒரு படம் போதாது. ஐந்து படங்களை ஒரு தொகுப்பாக அனுப்புங்கள்.

1. வயலின் தோற்றம். பாதிப்பு திட்டுத் திட்டாக உள்ளதா, ஓரத்தில் உள்ளதா என்று தெரிய.
2. பாதிக்கப்பட்ட ஒரு முழுச் செடி.
3. இலை அல்லது காயின் இரு பக்கங்களும்.
4. பூச்சி மேலிருந்து, ஸ்கேலுடன்.
5. பூச்சியின் அடையாள உறுப்பு, லென்ஸ் வைத்து மிக அருகில்.

கூடவே எழுத வேண்டியவை: பயிர், ரகம், விதைத்து எத்தனை நாள், பத்துச் செடியில் எத்தனை செடி பாதிப்பு, இதுவரை அடித்த மருந்தின் பெயர், அடித்த நாள். கடைசி இரண்டையும் மறைக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். 'டாக்குமெண்ட்' என்ற பகுதியின் வழியாக அனுப்பினால் எடுத்த படம் எடுத்தபடியே வந்து சேரும். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள், அரை நிமிட வேலை.

கேமரா வைத்திருக்கும் இளைஞர்களுக்கு

பூச்சிப் படம் எடுப்பதில் ஆர்வம் கொண்டு, கேமராவுக்கு மேக்ரோ லென்ஸ் வாங்க நினைக்கும் இளைஞர்கள் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில சொற்கள். லென்சில் 1:1 என்று எழுதியிருக்க வேண்டும். பொருளின் உண்மை அளவே கேமராவின் உள்தகட்டில் விழும் என்பது அதன் பொருள். 60 மி.மீ. லென்ஸில் முழு அளவு பெறப் பூச்சிக்குச் சுமார் 10 செ.மீ. வரை போக வேண்டும். 100 மி.மீ. லென்ஸில் சுமார் 15 செ.மீ. தூரத்திலேயே நிற்கலாம். தட்டான், பட்டாம்பூச்சி, குளவி போன்று மிரளும் பூச்சிகளுக்கு இந்த இடைவெளி பெரிதும் உதவும். எனவே ஒன்றே ஒன்று வாங்குவதானால் 90 முதல் 105 மி.மீ. வரையுள்ள லென்ஸ் ஏற்றது. 150 மி.மீ.க்கு மேற்பட்டவை கனமும் விலையும் கூடியவை.

வசதி இல்லாதவர்கள், இருக்கும் லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் வெற்றுக் குழாயான 'எக்ஸ்டென்ஷன் டியூப்' வாங்கிப் பழகலாம். துளை அளவை எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்தால் ஆழம் கிடைக்கும். மிகவும் சுருக்கி எஃப் 22 வரை போனால் படம் முழுவதும் சற்று மழுங்கும். ஃபிளாஷின் முன் வெள்ளைக் காகிதம் கட்டி ஒளியை மென்மையாக்க வேண்டும். ஆனால் கடன் வாங்கி இதை வாங்க வேண்டாம். பயிரைக் காக்க முன்னே சொன்ன லென்சே போதுமானது.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: பூச்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?
பதில்: இலையோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். குளிரில் பூச்சி மந்தமாகிவிடும். உடனே படம் எடுங்கள். நசுக்கியோ, மருந்து அடித்துக் கொன்றோ எடுத்தால் அடையாளம் கெடும்.

கேள்வி: மருந்து அடித்த வயலில் படம் எடுக்கலாமா?
பதில்: மருந்து உலராத வயலுக்குள் இறங்கவே கூடாது. மருந்துப் பெட்டியில் எழுதியுள்ள இடைவெளி கழிந்த பிறகே செல்லுங்கள். இலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போனை நாம் காதிலும் கன்னத்திலும் வைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். மயிர் நிறைந்த கம்பளிப்புழுவை வெறுங்கையால் தொடக்கூடாது.

கேள்வி: லென்சை எப்படித் துடைப்பது?
பதில்: வேட்டி முனையால் துடைப்பதுதான் லென்ஸ் கெடுவதற்கு முதல் காரணம். ஒட்டியிருக்கும் மண் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் தூசியை ஊதி விடுங்கள். பிறகு சுத்தமான பழைய பருத்தித் துணியால் மெல்ல ஒற்றுங்கள். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க, மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு டப்பியில் வையுங்கள்.

கேள்வி: படம் பார்த்தே எல்லாப் பூச்சியையும் சொல்லிவிட முடியுமா?
பதில்: முடியாது. மாவுப்பூச்சியில் இனம் பிரிக்க நுண்ணோக்கி வேண்டும். நச்சுயிரி நோய்க்கும் ஊட்டச்சத்துக் குறைவுக்கும் படம் மட்டும் போதாது. சந்தேகம் இருந்தால் பூச்சியை இலையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அன்றைக்கே கொண்டு போய்க் காட்டுங்கள். படத்தைப் பார்த்து ஒருவர் "நேரில் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, சரியாகச் சொல்கிறார்.

யாரை அணுகலாம்?

உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை முதலில் அணுகுங்கள். அரியலூர் மாவட்ட விவசாயிகள் சோழமாதேவியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் வாலிகண்டபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் நாடலாம். பருத்தியைப் பற்றிய ஐயங்களுக்கு வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. விவசாயிகள் அழைப்பு மையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-1551.

ஆலத்தியூர் விவசாயி இப்போது சட்டைப்பையில் ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார். அண்மையில் அவர் அனுப்பிய படத்தில் ஸ்கேல் இருந்தது, இலையின் இரு பக்கமும் இருந்தது, உப்பிப் போன அசுவினியின் முதுகில் வட்டத் துளையும் தெரிந்தது. "இதுக்கு மருந்து வேணாம்னு நெனைக்கிறேன், சரிதானே ஐயா?" என்று கேட்டிருந்தார். சரிதான் என்று எழுதினேன். வரும் புரட்டாசிப் பட்டத்தில் விதை வாங்கும்போதே ஒரு 10 மடங்கு லென்சையும் வாங்கி வையுங்கள். வாரம் ஒரு முறை, இருபது செடி, இலையின் அடிப்புறம். முதலில் பாருங்கள், பிறகு படம் எடுங்கள், கேளுங்கள். மருந்து கடைசியில்தான்.